மரீகாவை அழிக்கும் தேர்வு

அந்தத் திங்கட்கிழமை நான் ஒன்பதரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். வான்கூவரில் அக்டோபர் மழை தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் ஸ்டுடியோ இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் மீன்களைப் பனிக்கட்டியில் போட்டு வைத்த கிடங்கு. நூறு வருஷச் செங்கல். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் மழை நாளில் சுவருக்குள்ளிருந்து ஓர் உப்பு வாடை கிளம்பும். லிஃப்டை நம்ப முடியாது. குடையை உதறிவிட்டு மூன்று மாடி ஏறினேன்.

மூன்றாவது மாடியில் பகல் என்பதே கிடையாது. ஜன்னல்களில் கறுப்புத் துணி, சுவர்களில் சாம்பல் நிறம், மேஜைக்கு மேஜை திரை வெளிச்சம் மட்டும். அங்கே நுழையும்போதெல்லாம், படம் ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் இடம் தேடுகிறவள் மாதிரி கையை நீட்டிக்கொண்டுதான் நடப்பேன்.

அங்கே இருப்பவர்கள் படங்களை ஒட்டுகிறவர்கள். நடிகரைத் தனியாக, கடலைத் தனியாக, தீயைத் தனியாக எடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் நடந்ததுபோல ஆக்க வேண்டியது இவர்கள் வேலை. காட்சியில் இருக்கக் கூடாததை அழிப்பதும் இவர்கள்தான். தொங்கும் கயிறு, விளக்குக் கம்பம், தெரியாமல் குறுக்கே வந்துவிட்ட ஆள். காம்பாசிட்டர் என்று பெயர். அந்த வேலை எனக்குத் தெரியாது. அதற்கு ஆள் பிடிப்பதுதான் என் வேலை.

பத்து வருஷத்துக்கு முன்னால் மரீகாவைப் பிடித்ததும் நான்தான். அவளை லோர்னுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்ததும் நான்தான். லோர்ன் அந்தக் குழுவின் தலைவன், கறார் பேர்வழி, தனியாள். "உன் வேலைக்கு ஒரு ஆள் கேட்ட, உன் வாழ்க்கைக்கும் சேத்து ஒரு ஆள் கொண்டாந்திருக்கேன்" என்று அவர்கள் கல்யாணத்தில் நான் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள்.

போன பிப்ரவரியில் மரீகா செத்துப்போனாள். புற்றுநோய். நாற்பத்தொரு வயது.

எட்டு மாதமாக அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

"வந்துட்டியா ஜோஸ்?" இருட்டுக்குள்ளிருந்து தயாரிப்பு மேலாளர் வெண்டலின் குரல் வந்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆள். ஆம்பளையோ பொம்பளையோ, தலை ரெண்டு இருந்தாலும் எனக்குச் சம்மதம்."

"தலை ரெண்டு இருந்தா நல்லதுதானே, ரெண்டு ஷிஃப்ட் பாக்கும்."

அவன் சிரிக்கவில்லை. "புயல் காட்சி தொண்ணூறு ஷாட். ஆள் குறையுதுன்னு தெரிஞ்சா படக் கம்பெனிக்காரங்க மொத்தத்தையும் வேற ஸ்டுடியோவுக்கு, மான்ட்ரியாலுக்கு அனுப்பிடுவாங்க. அனுப்பினா லோர்னோட ஆளுங்க பதினோரு பேரும் வீட்டுக்குத்தான். அவன்கிட்ட நான் சொல்லிப் பாத்துட்டேன். காதுல ஏறல. நீ சொன்னா கேப்பான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த நாற்காலியில ஒருத்தர் உக்காந்துதான் ஆகணும், ஜோஸ்."

வெண்டலிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. போன வாரம் நான் ஒரு தப்பு செய்திருந்தேன்.

எங்களிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு தேர்வு உண்டு. எட்டு விநாடிப் படம் ஒன்றை அனுப்புவோம். போவன் தீவில் ஆளில்லாத ஒரு பழைய மரவீடு. முன்னால் நீண்ட வராந்தா, நடுவில் திறந்து கிடக்கும் வாசல், உள்ளே ஒரே இருட்டு. நீல மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தி, வெளிச்சத்தை அளக்க உதவும் சாம்பல் நிறப் பந்தைக் கையில் பிடித்தபடி, வராந்தாவின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு நடந்து போவாள். அவளை அழிக்க வேண்டும். அந்த வீட்டில் யாரும் நடந்ததே இல்லை என்று பார்க்கிறவன் சத்தியம் செய்ய வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

அந்த ஒருத்தி மரீகா. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூவரும் படகேறிப் போய் எடுத்த படம்.

அதன் பிறகு ஒவ்வொரு தேர்வு வரும்போதும் அவள் தன் இடத்திலிருந்து கத்துவாள். "ஜோஸ்! இன்னைக்கு என்னை யாருடீ கொன்னது?" எழுந்து ஓடிவந்து மதிப்பெண் போடுவாள். "இவன் பாரு, என் முழங்கையை மறந்துட்டான். பாவம், காதலி ஞாபகம் போல." அறையே சிரிக்கும்.

போன வாரம் ஏழு பேருக்கு வழக்கம்போல அந்தப் படத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அனுப்பி முடித்து, காபியை எடுத்து வாயில் வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

லோர்னிடம் போய்ச் சொன்னேன். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பரவால்ல. வரட்டும்" என்றான்.

*

எட்டு இருக்கைகள் கொண்ட ஒரு சின்ன அறையில்தான் எங்கள் ஆட்கள் வேலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். கதவை மூடினால் உன் கையே உனக்குத் தெரியாது. முன்வரிசையில் ஒரு பலகை, அதில் ரேடியோவில் இருப்பதுபோல ஒரு திருகு. அதைத் திருகினால் திரையில் கறுப்பாக இருப்பதெல்லாம் மெல்ல மெல்லச் சாம்பலாக வெளுக்கும். சோம்பேறிகள் தங்கள் தப்பையெல்லாம் இருட்டில்தான் ஒளித்து வைப்பார்கள். இருட்டைத் திறந்தால் தெரிந்துவிடும். பதினெட்டு வருஷத்தில் இருட்டைத் திறக்காமல் லோர்ன் ஒரு ஷாட்டைக்கூட விட்டதில்லை.

அன்று பார்த்த முதல் தேர்வு ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் அனுப்பியது. படம் ஓடியது. ஈரப் பலகைகள், மழைத் தூறல், காலி வராந்தா. மரீகா நடந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

"சுத்தமா எடுத்துட்டாரு" என்றேன்.

லோர்ன் திருகைத் திருகினான்.

வாசலின் கறுப்பு வெளுத்தது. உள்ளே மாடிப்படி தெரிந்தது. படிக்கு முன்னால் யாரோ நின்றார்கள்.

நீல மழைக்கோட்டு.

"மிச்சம் வெச்சிட்டாரு" என்றான் லோர்ன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அடுத்தது."

"லோர்ன், அவ வாசலுக்குள்ள போகவே இல்லையே. வராந்தாவோடதானே நடந்தா?"

"அடுத்தது போடு ஜோஸ்."

இரண்டாவது டொரான்டோப் பெண். மூன்றாவது கால்கரி ஊர்க்காரர். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இரண்டு படத்திலும் வராந்தா காலி. இரண்டிலும், இருட்டைத் திறந்ததும், படிக்கு முன்னால் அவள். இரண்டாவதில் மழைக்கோட்டு தோளில் தொளதொளவென்று தொங்கியது. மூன்றாவதில் அவள் ஒரு கையால் படியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். நிற்கத் தெம்பில்லாதவள்போல.

அறையில் ஏதோ சத்தம் கேட்டது. ஃபஸ்ஸ்... டக். ஃபஸ்ஸ்... டக். படம் காட்டும் கருவியின் காற்றாடி என்று நினைத்தேன்.

"மூணும் சரியில்ல" என்றான் லோர்ன். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. "இன்னும் வேணும்."

என் மேஜைக்கு வந்து மூலப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். மரீகா நடந்தாள், பந்தைத் தூக்கிக் காட்டினாள், கேமராவுக்குப் பின்னாலிருந்த எங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வெளியே போனாள். என் திரையிலும் இருட்டைத் திறக்க வழி உண்டு. முழுவதும் திறந்தேன். வாசலுக்குள் வெறும் மாடிப்படி. யாருமில்லை. எட்டு விநாடியையும் ஒவ்வொரு பிரேமாகத் தள்ளிப் பார்த்தேன்.

யாருமில்லை.

செவ்வாய்க்கிழமை மீதி நாலு தேர்வையும் பார்த்தோம். நாலும் அருமையான வேலை. எந்த ஸ்டுடியோவும் அள்ளிக்கொண்டு போகும். லோர்ன் நாலுக்கும் தலையாட்டி மறுத்தான். நாலிலும் இருட்டைத் திறந்தான். ஆறாவதில் அவள் தலையில் முடி இல்லை. ஏழாவதில் மஞ்சள் குல்லா போட்டிருந்தாள். அந்தக் குல்லாவைப் பின்னிக் கொடுத்தவள் நான். மூலப் படம் எடுத்து நாலு வருஷம் கழித்துப் பின்னிய குல்லா.

அப்போதுதான் அந்த வாடையையும் உணர்ந்தேன். மருத்துவமனையில் கைக்குத் தேய்க்கும் திரவத்தின் வாடை. அதற்கடியில், நாள்கணக்கில் படுத்திருப்பவர்களின் உடம்பிலிருந்து வரும் இனிப்பான, சூடான வாடை.

"லோர்ன், கதவைத் திற."

"நாளைக்கு எத்தனை வருது?"

"ஏழுதான் அனுப்பினேன். முடிஞ்சுது."

"நான் இன்னும் அஞ்சு பேருக்கு அனுப்பிருக்கேன்" என்றான். "நேத்தே அனுப்பிட்டேன்."

*

வியாழன் மத்தியானம். லோர்ன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று வெண்டல் சொன்னான். வீட்டில் செய்த வாழைப்பழ பிரெட்டில் நாலு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் குளிர் முகத்தில் அறைந்தது. உள்ளே அவன் நாற்காலியில் இல்லை. திரைக்கு ஓரடி முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு" என்றான் திரும்பாமலே. "நாலும் காலைல வந்துச்சு. வா, பாரு. வேலைன்னு பாத்தா குறையே சொல்ல முடியாது."

"அப்போ ஒருத்தரை எடு. நாளைக்கு வெள்ளி."

"எடுத்தா தேர்வு முடிஞ்சிடும்."

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. ஹாலிஃபாக்ஸ்காரர் மிச்சம் வைக்கவில்லை, டொரான்டோப் பெண்ணும் வைக்கவில்லை என்பது முதல் நாளே அவனுக்குத் தெரியும். ஆள் தேடுகிற சாக்கில் அவன் தேடிக்கொண்டிருந்தது அவளை.

"லோர்ன், அந்தப் பசங்க ராத்திரி பகலா முழிச்சு வேலை பண்ணி அனுப்புறாங்க. வேலை கிடைக்கும்னு நம்பி. நீ உன் ஆளுங்க பதினோரு பேரையும் தெருவுல விடப் போற."

"எட்டு மாசமா அவ குரல்கூட எனக்குச் சரியா ஞாபகம் வரல, ஜோஸ். இந்த ரூம்ல அவ மூச்சு கேட்டுச்சு. உனக்கும் கேட்டுச்சுதானே? பொய் சொல்லாதே."

ஃபஸ்ஸ்... டக்.

காற்றாடி அல்ல. கடைசி மாதம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடிய பிராணவாயுக் கருவி.

நான் பிரெட் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வந்த வரிசையில போடு. ஒண்ணுலேர்ந்து. சேத்துப் பாரு."

"எதுக்கு?"

"போடு."

போட்டான். ஒவ்வொன்றிலும் இருட்டைத் திறந்தான். ஒன்றில் நிமிர்ந்து நிற்கும் மரீகா. இரண்டில் இளைத்தவள். மூன்றில் கைப்பிடியைப் பிடித்தவள். ஆறில் மொட்டைத் தலை. ஏழில் குல்லா. எட்டில் மழைக்கோட்டுப் போய் மருத்துவமனை அங்கி. ஒன்பதில் படியில் உட்கார்ந்திருந்தாள். பத்தில் படியில் சாய்ந்து கிடந்தாள், மூக்கில் குழாய்.

"பாத்தியா?" என் பல் அடித்துக்கொண்டது, குளிராலா பயத்தாலா என்று தெரியவில்லை. "நீ புதுசு கேக்கக் கேக்க அவ திரும்பவும் சாகுறா. நீ கேக்குறதாலதான்."

அவன் பதினொன்றைப் போட்டான். திருகைத் திருகினான்.

படியின் அடியில், தரையில் கிடந்தாள். முகம் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. இத்தனை நாளும் அந்த இருட்டுக்குள் இருந்த அவள் எந்தப் படத்திலும் எங்களைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

உதடு அசைந்தது.

சத்தம் வரவில்லை. எட்டு விநாடி முடிந்து படம் முதலிலிருந்து ஓடியது. மறுபடி உதடு அசைந்தது. மறுபடி. மறுபடி.

என்ன சொல்கிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த வார்த்தையை அவள் சொன்னபோது நாங்கள் இருவருமே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். போன டிசம்பர். மூன்றாவது சுற்று மருந்தும் வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்ன நாள்.

போதும்.

லோர்ன் அன்றைக்குக் கேட்கவில்லை. வேலையில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எவ்வளவு நன்றாகச் செய்து கொண்டுவந்தாலும், "இன்னும் ஒரு வெர்ஷன் பாக்கலாம்" என்பான். அதனாலேயே அவன் பெரிய ஆள். டாக்டரிடமும் அதையேதான் சொன்னான். இன்னும் ஒண்ணு பாக்கலாம். புதுசா ஏதோ ஒரு மருந்துச் சோதனை ஓடுதாமே, அதுல சேத்துடலாம். மரீகா அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சரியென்று தலையாட்டினாள். அவனுக்காக. அந்த மருந்து அவளை இரண்டு மாதம் கூடுதலாக வைத்திருந்தது. அந்த இரண்டு மாதத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"நான் கேட்டிருக்கணும்" என்றான் லோர்ன் திரையைப் பார்த்தபடி. "அன்னைக்கே கேட்டிருக்கணும், இல்ல?"

நானும்தான் அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான். "பன்னிரண்டாவது. நாளைக்கு வருது."

"வேணாம் லோர்ன்."

"இதுக்குப் பிறகு என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

*

பன்னிரண்டாவது ஆள் வினிபெக்கிலிருந்து டெலாரா. இருபத்தொன்பது வயது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த அறையின் திரையிலேயே அவளை அழைத்துப் பேசினோம். பின்னால் சமையலறை தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டைக்கு மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடத்து முதல் வரிசைப் பிள்ளை மாதிரி.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "அந்தப் படத்துல நடக்குறாங்களே, அவங்க யாரு?"

லோர்ன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என் வொய்ஃப்."

"அய்யோ, அப்படியா?" அவள் முகம் மலர்ந்தது. "அவங்க பாத்தாங்களா? என்ன சொன்னாங்க? நல்லா அழிச்சிருக்கேனாமா?"

நான் லோர்னைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

"அவ இறந்துட்டா. பிப்ரவரில."

டெலாரா வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க."

"தெரிய வாய்ப்பில்ல. தப்பு எங்களோடது."

"இல்ல, நான் சொல்ல வந்தது..." அவள் தடுமாறினாள். "மூணு நாளா அவங்களோடதான் இருந்தேன். ஒவ்வொரு பிரேமா. நடக்கும்போது இடது காலைக் கொஞ்சம் தாமதமா வைக்கிறாங்க. போறப்ப யாரையோ பாத்துக் கண்ணடிக்கிறாங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சுப்போச்சு. அழிக்கும்போது ஸாரி ஸாரின்னு சொல்லிக்கிட்டேதான் அழிச்சேன். பைத்தியம்னு நினைப்பீங்க. அழிக்கிற மாதிரியே இல்ல. மெதுவாக் கைப்பிடிச்சு, வராந்தா முடியுற வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

"சாயங்காலத்துக்குள்ள சொல்றோம்" என்றேன் நான் அவசரமாக. அழைப்பைத் துண்டித்தேன். அறை இருட்டானது.

லோர்ன் அவள் அனுப்பியதைப் போட்டான்.

வராந்தா. தூறல். ஈரப் பலகைகளில் சாயங்கால வெளிச்சத்தின் மினுக்கு. எட்டு விநாடி. இதுவரை வந்ததில் இதுதான் மிகச் சிறந்தது என்று என்னைப் போன்ற ஒன்றும் தெரியாதவளுக்கே தெரிந்தது. காலியாக இருந்தது, ஆனால் வெறிச்சென்று இல்லை. யாரோ இப்போதுதான் நிம்மதியாகக் கிளம்பிப் போன வீடு மாதிரி இருந்தது.

நடுவில் அந்த வாசல். கறுப்பாக.

லோர்னின் கை திருகின் மேல் இருந்தது.

ஃபஸ்ஸ்... டக்.

வாடை வந்தது. குளிர் வந்தது. என் கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் ஏறுவதுபோல ஏறியது.

ஃபஸ்ஸ்...

டக்.

இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். பிப்ரவரி பதினாறு, விடிகாலை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று நினைப்போம். பிறகு இன்னொன்று வரும்.

"அவ உள்ள இருக்கா" என்றான் லோர்ன் கிசுகிசுப்பாக. "எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா, ஜோஸ். நான் பாத்தா போதும், இன்னொரு தடவை..."

"காத்துக்கிட்டுதான் இருக்கா. நீ பாக்குறதுக்கு இல்ல, விடுறதுக்கு."

ஃபஸ்ஸ்...

அவன் விரல்கள் திருகை இறுக்கின. திரையின் கறுப்பு ஒரு மயிரிழை வெளுத்தது. வாசலுக்குள், தரையோடு தரையாக, வெளிறிய ஏதோ ஒன்று தெரிய ஆரம்பித்தது.

லோர்ன் கண்ணை மூடிக்கொண்டான்.

திருகைப் பழையபடி திருப்பிவிட்டான். கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"ஃபைனல்" என்றான்.

ஒரு ஷாட் முடிந்தது, இனி யாரும் அதைத் தொட வேண்டாம் என்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் சொல். பதினெட்டு வருஷத்தில் இருட்டைத் திறந்து பார்க்காமல் அவன் அதைச் சொன்னது அன்று ஒரு முறைதான்.

டக்.

அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தோம். நெடுநேரம் காத்திருந்தோம்.

வரவில்லை.

லோர்ன் அப்போதுதான் அழுதான். மருத்துவமனையில் அழாதவன், அடக்கத்தில் அழாதவன், என் தோளில் தலையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதான். வாழைப்பழ பிரெட் தட்டு வியாழக்கிழமை வைத்த இடத்திலேயே தரையில் இருந்தது. அழுது முடித்ததும் அதில் ஒரு துண்டை எடுத்து, காய்ந்துபோயிருந்ததைப் பொருட்படுத்தாமல் முழுவதும் தின்றான்.

"அந்தப் பொண்ணுக்கு போன் போடு" என்றான் வாய் நிறைய.

*

நவம்பரில் டெலாரா வந்தாள். அவள் உயரம். மரீகா குள்ளம். முதல் நாள் காலை லோர்ன் மண்டியிட்டு அந்த நாற்காலியின் உயரத்தைத் தானே கூட்டிவைத்தான். வெண்டல் எட்டிப் பார்த்து, "ஒரு தலைதானா? நான் ரெண்டு கேட்டேனே" என்றான். எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம்.

புயல் காட்சி எங்களிடமே தங்கியது. பதினோரு பேரும் தங்கினார்கள். அந்தப் பழைய தேர்வுப் படத்தை லோர்ன் ஒரு வன்தட்டில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். ஸ்டுடியோவில் அதன் பிரதி எதுவும் இல்லை. நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் நீக்கினேன்.

ஏப்ரலில் இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். "தேர்வுக்குப் புதுசா ஒண்ணு எடுத்துடலாம்" என்றான் லோர்ன். கட்டடத்துக்குப் பின்னால், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில், நல்ல வெயிலில், பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தோம். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். லோர்ன் எனக்குப் பக்கத்தில். டெலாரா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு செங்கல் சுவரோரமாக நடந்தாள். "நேரா நட, ஒட்டகச்சிவிங்கி" என்று லோர்ன் கத்தினான். அவள் நாக்கைத் துருத்தினாள். சந்தில் வேறு ஈ காக்கை இல்லை. அனுப்புவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேருமே படத்தை இரண்டு முறை பார்த்தோம்.

ஆறு பேருக்கு அனுப்பினேன். மறுநாள் சாஸ்கடூனிலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். மரியாதையான கடிதம். கீழே ஒரு சந்தேகம்.

"படத்தில் இரண்டு பெண்கள் நடக்கிறார்கள். முன்னால் உயரமானவர். அவருக்குப் பின்னால், அவர் நடப்பதைப் போலவே நடந்து கேலி செய்துகொண்டு, குள்ளமாக ஒருவர். இரண்டு பேரையும் அழிக்க வேண்டுமா, முன்னால் போகிறவரை மட்டுமா?"

என்னிடம் இருந்த படத்தைத் திறந்தேன். டெலாரா தனியாக நடந்து போனாள். மறுபடி ஓட்டினேன். தனியாகத்தான் நடந்தாள். திறந்து பார்க்க அதில் இருட்டு என்று எதுவுமே இல்லை. முழுக்க வெயில்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லோர்னும் டெலாராவும் ஒரே திரையைப் பார்த்து எதையோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

அந்தக் கடிதத்துக்குத் திரும்பினேன்.

"முன்னால் போகிறவரை மட்டும் அழித்தால் போதும்" என்று பதில் எழுதினேன். "பின்னால் வருகிறவர் அப்படியே இருக்கட்டும்."